தனுஷ்கோடி நிலையத்தில் ஒரு பகற்பொழுது

எங்கள் அப்பாயி எந்தக் கதையைச் சொன்னாலும் அதனைத் தனுஷ்கோடியிலிருந்தே தொடங்குவார். அரிச்சந்திரன் கதையாயினும் சரி, என் தந்தையாருக்கு அம்மை கண்ட கதையாயினும் சரி, "தனுஷ்கோடியில எங்க ஆத்தா சீலையப் புடிச்சிக்கிட்டு நான் கப்பல் ஏறுனப்போ" என்று ஓர் அடி எடுத்து வைத்த பின்னரே மற்றவற்றுக்கு வருவார். அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்பன போலத் தனுஷ்கோடியும் நம் நாட்டுப் புகையிரதப் பாதையில் எங்கோ உள்ளதொரு நிலையம் என்றே சிறுவனாயிருந்த நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கங்காணி ஒருவரின் பின்னே, பெற்றோருடன் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது. 1931ஆம் ஆண்டளவில் அது நிகழ்ந்திருக்க வேண்டும். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் லயத்திலேயே வாழ்ந்து 2004இல் காலமானார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுவிட்டது என்பதைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் நூலொன்றில் படித்துவிட்டு, விடுமுறையில் வந்து அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "கல்லுல கட்டுன டேசன்டா அது. கல்லு எங்கடா போகும்?" என்று கேட்டார். பட்டதாரியாகப் போகின்ற பேரனுக்கு இது தெரியவில்லையே என்ற இரக்கமும் அவர் முகத்தில் இருந்தது.

அந்தக் கல்லைச் சென்று பார்த்துவர எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

சென்ற 2025 ஆவணி விடுமுறையில், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் செல்லும் கப்பலிலே கடலைக் கடந்தேன். அக்கப்பற் சேவை 2023ஆம் ஆண்டிலே தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மீண்டும் தொடங்கியது. நாகபட்டினத்திலிருந்து பேருந்துகள் மாறி மாறி மண்டபம் வந்து, அங்கிருந்து பாம்பன் கால்வாயைப் புகையிரதத்தில் கடந்தேன். இப்போதுள்ள பாலம் புதியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு வழிவிடும் பொருட்டு அதன் நடுப்பகுதி நேர் மேலாக உயரும் வண்ணம் அமைக்கப்பட்டுள்ளது. அதன் அருகிலேயே, 1914 பெப்ரவரி 24ஆந் திகதி திறக்கப்பட்டு 2022 டிசெம்பர் வரை உழைத்த பழைய பாலம், துருவேறிய உடலோடு தண்ணீரில் கால் ஊன்றி நின்றது. வண்டியிலிருந்த இளைஞர் அனைவரும் புதிய பாலத்தைப் படம் பிடிப்பதில் முனைந்திருந்தனர். நானோ பழைய பாலத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பாயி வந்தது அதன்மேல் அல்லவா?

இராமேசுவரம் வந்து இறங்கியதும், கோயிலைத் தரிசித்துவிட்டு மறுநாட் காலையிலே தனுஷ்கோடிக்குப் புறப்பட்டேன். தூரம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர். முன்பெல்லாம் மணலிலே உருண்டு செல்லும் வான்களில்தான் போகவேண்டியிருந்ததாம். 2017இல் தார் வீதி திறக்கப்பட்டுவிட்டது. வழியில், 1964ஆம் ஆண்டுப் புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோயில் தனித்து நிற்கின்றது. அதற்கு அப்பால் நிலம் மெலிந்துகொண்டே போகின்றது. இடப்புறமும் கடல், வலப்புறமும் கடல். வங்கக் கடற்பக்கத்தை அவ்வூர் மீனவர் பெண்கடல் என்றும், மன்னார்க் குடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். பெண்கடல் குளம்போலக் கிடந்தது. ஆண்கடலோ வீதியோரக் கற்களில் மோதி முழங்கிக்கொண்டிருந்தது. பெயர் வைத்தவர்களை மெச்சிக்கொண்டேன்.

சங்கும் சிப்பி மாலையும் விற்கும் ஓலைக் கொட்டில்கள் ஒருபுறம். பொரித்த மீன் வாசனை மறுபுறம். அவற்றுக்குப் பின்னால், மணலின் நடுவே, கூரையற்ற தேவாலயம் ஒன்றின் சுவர்கள். சுற்றுலா வந்தோர் கூட்டம் அதனைச் சூழ்ந்து நின்றது. நான் புகையிரத நிலையம் எங்கே என்று கேட்டேன். கடையிலிருந்த மூதாட்டி, "அங்கிட்டுப் போங்க தம்பி. அங்க ஒண்ணும் இல்ல, செவருதான்" என்றார்.

உண்மைதான், சுவர்தான். மணலிலிருந்து எழுந்து, மேலே எதனையும் தாங்காமல் நிற்கும் சில சுவர்த் துண்டுகள். வாயில்கள் இருந்த இடங்களில் வெளி தெரிகின்றது. சற்று அப்பால், புகையிரத இயந்திரங்களுக்கு நீர் தேக்கி வைத்த தொட்டியின் எச்சம். தண்டவாளம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, மேடை எங்கே முடிந்தது, பாதை எங்கே தொடங்கியது என்று பிரித்தறியவும் வழியில்லை. எல்லாவற்றின் மேலும் ஒரே மணல். ஓர் ஆடு சுவரின் நிழலிலே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நான் சுவரருகே சென்று தொட்டுப் பார்த்தேன். செங்கல்லுக்கு இடையிடையே பவளக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. கடலிலிருந்து எடுத்த கல். உப்புக்காற்று சாந்தைத் தின்றுவிட்டது. கல்லை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் நுண்ணிய துவாரங்களில் விரலை வைத்தபடி சில நிமிடங்கள் நின்றேன். அப்பாயி சொன்னதில் பாதி சரியாகவே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நிலையம் ஏன் இருந்தது என்பதை எம் மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். 1914ஆம் ஆண்டுக்கு முன்னர், தென்னிந்தியாவிலிருந்து கொழும்புக்கு வருவோர் தூத்துக்குடியிலே கப்பல் ஏறினர். ஏழைத் தொழிலாளர் பலர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காடுகளூடே மாத்தளை வரை நடந்தனர். அவ்வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தவர்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது. இராமேசுவரத் தீவுக்கும் மன்னார்த் தீவுக்கும் இடையே ஆதாம் பாலம் எனப்படும் மணற்றிட்டுகளின் மேலே புகையிரதப் பாதை அமைத்து இரு நாடுகளையும் இணைக்கவேண்டும் என்ற யோசனை வெள்ளையர் ஆட்சியில் எழுந்தது. செலவை எண்ணி அதனைக் கைவிட்டனர். அதற்குப் பதிலாக, அக்கரையிலே தனுஷ்கோடி வரையும் இக்கரையிலே தலைமன்னார் வரையும் பாதை போட்டு, இடையிலுள்ள ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலை நீராவிக் கப்பலாற் கடப்பது என்று முடிவு செய்தனர். 1914இல் பாம்பன் பாலம், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் பாதை, கப்பல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. சென்னை எழும்பூரிலே ஒரே பயணச்சீட்டைப் பெற்றுக்கொண்டு கொழும்புக் கோட்டை வரை வரலாம். வண்டிக்குப் போட் மெயில் என்று பெயர். பிற்காலத்தில் இச்சேவையில் ஓடிய இரு கப்பல்கள், இர்வின் என்றும் கோஷன் என்றும், ஓர் இராசப்பிரதிநிதியின் பெயரையும் ஒரு சென்னை ஆளுநரின் பெயரையும் தாங்கியிருந்தன.

அப்பாதைகளின் அகலமும் வேறு வேறு. தென்னிந்தியப் பாதை ஒரு மீற்றர் அகலம் கொண்டது. நம்முடையதோ ஐந்தடி ஆறங்குலம். ஆகவே இந்திய வண்டி ஒருபோதும் இலங்கையில் ஓடியிருக்க முடியாது. பெட்டி படுக்கையை இறக்கி, கப்பலில் ஏற்றி, மீண்டும் இறக்கி, வேறு வண்டியில் ஏறவேண்டும். மேல்வகுப்புப் பிரயாணிகளுக்கு அது ஓர் இனிய கடற்காற்று. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குக் கல்வி கற்கச் சென்றோரும், சிதம்பரத்துக்குச் சென்ற யாத்திரீகரும் இவ்வழியே போயினர். அவர்களிற் சிலர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளிலே கப்பலில் அருந்திய தேநீரைப் பற்றிக்கூடப் படித்திருக்கின்றேன்.

எம்மவர் பிரயாணம் அப்படியிருக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கப்பட்டவர்கள் நேரே கப்பலுக்கு வரமுடியாது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமிலே அவர்களைச் சில நாட்கள் மறித்து வைத்திருப்பர். வாந்திபேதியும் அம்மையும் இலங்கைக்கு வந்துவிடக்கூடாது என்பது காரணம். தேயிலை மட்டும் இலங்கையிலிருந்து வெளியே போகவேண்டும். நோய் மட்டும் உள்ளே வரக்கூடாது! அப்பாயி முகாமைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்வார். உடுத்திருந்த சீலைகளை எல்லாம் வாங்கிக்கொண்டுபோய் ஆவியிலே வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அவருடைய ஆத்தாளின் கூறைச் சீலையும் அதிலே போயிற்று. திரும்பி வந்தபோது சாயம் ஒன்றோடொன்று கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் பெண்கள் அழுதார்களாம். "கப்பல்ல ஏறும்போது எங்க ஆத்தா அழுவல. சீலைக்குத்தான் அழுதுச்சு" என்பார்.

இதனைச் சுவர் நிழலில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தபோது, வலையொன்றைத் தோளிலிட்டு வந்த முதியவர் ஒருவர் என்னைக் கண்டு நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். உடனே வலையை இறக்கி வைத்துவிட்டு எனக்கெதிரே மணலிலே அமர்ந்துவிட்டார். புயல் அடித்த வருடத்தில் அவருக்கு ஏழு வயது. தகப்பனார் கப்பற்துறையிலே போர்ட்டர் வேலை செய்தவர். அன்றிரவு தாயோடு இராமேசுவரத்தில் உறவினர் வீட்டில் இருந்தமையால் பிள்ளைகள் பிழைத்தனர். தகப்பனார் தனுஷ்கோடியில் இருந்தார்.

1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு நிகழ்ந்ததை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். வங்கக் கடலில் எழுந்த சூறாவளி, நம் நாட்டின் வடபகுதியை அலைத்துவிட்டு, மன்னார்க் குடாவைத் தாண்டி இத்தீவின் மீது பாய்ந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வரும் 653ஆம் இலக்க வண்டி நள்ளிரவுக்குச் சற்று முன்னர் புறப்பட்டது. நிலையத்தை நெருங்கும் வேளையில் கைகாட்டியில் வெளிச்சம் இல்லை. சாரதி சிறிது நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஊதுகுழலை ஒலித்துக்கொண்டு மெல்ல வண்டியை நகர்த்தியிருக்கின்றார். அப்போது எழுந்த பேரலை வண்டி முழுவதையும் மூடிவிட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நிலையமும், கப்பற்துறையும், தபாற் கந்தோரும், ஊரும் அவ்விரவோடு போயின. சென்னை அரசாங்கம் தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று பின்னர் அறிவித்தது.

முதியவர் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. "அப்பா வரல" என்று மட்டும் சொன்னார். பின்னர், பேச்சை மாற்றவோ என்னவோ, மணலைக் கையாலே தோண்டத் தொடங்கினார். முழங்கை ஆழம் போனதும் தண்ணீர் ஊறியது. அள்ளிக் குடித்துப் பார்க்கச் சொன்னார். குடித்தேன். இருபுறமும் உப்புக்கடல் இருக்க, அந்நீர் எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர் போல இனித்தது.

"பாம்பன் பாலத்தை உடனே கட்டிட்டாங்க சார். இந்தப் பக்கம் ஏன் தண்டவாளம் போடல, தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட கேள்வி ஆழமானது. அப்புயலிலே பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் 126 கடலில் விழுந்தன. நடுவிலிருந்த திறக்கும் பகுதி மாத்திரம் தப்பியது. பழுது பார்க்க ஆறு மாதம் வேண்டும் என்று கணக்கிட்டனர். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். பிற்காலத்தில் கொங்கண் புகையிரதப் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ்பெற்றவர் அவரே. விழுந்த உத்தரங்களைக் கடலிலிருந்தே தூக்கியெடுத்து 46 நாட்களில் பாலத்தை நிமிர்த்திவிட்டார். வியக்கத்தக்க செயல்தான். ஆனால் அந்த வேகம் இராமேசுவரத்தோடு நின்றுவிட்டது.

நான் பதில் சொல்லாதிருக்கவே, முதியவரே சொன்னார். "இந்த ரயிலு எங்க ஊருக்காக வந்ததில்ல சார். கப்பலுக்காக வந்துச்சு. கப்பல ராமேசுரத்துக்கு மாத்திட்டாங்க. அப்புறம் ரயிலு எதுக்கு?"

தனுஷ்கோடியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புயலோடு நிறுத்திவிடுகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடல் ஒரு நகரை விழுங்குவது எவர் மனத்தையும் பற்றிக்கொள்ளும். எனினும் புயல் சுவரை இடித்ததேயன்றி நிலையத்தை மூடியது மனிதருடைய கணக்கு என்றே எனக்குத் தோன்றுகின்றது. 2019 மார்ச்சிலே இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் பாதை போட அடிக்கல் நாட்டப்பட்டது. நான் சென்ற நாளில் அங்கே ஒரு தண்டவாளத் துண்டையும் காணவில்லை.

முதியவர் விடைபெறும்போது, "அறுவத்திநாலு மார்கழி சார், மறந்துராதீங்க" என்றார். அவர் போனபின்னரே அந்த ஆண்டு என் உள்ளத்தில் உறைத்தது. கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு 1964 புதிய ஆண்டு அன்று. ஒக்டோபர் 30ஆந் திகதி, புதுதில்லியில், சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர் என்று ஆண்டுதோறும் கரும்பலகையிலே எழுதி வருகின்றேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆகியிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. மாணவர் இவ்வெண்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுவர். நான் சரி போடுவேன்.

சுவரருகே நின்று விரலால் எண்ணிப் பார்த்தேன். ஒக்டோபர் 30க்கும் டிசெம்பர் 22க்கும் இடையே 53 நாட்கள். எம்மவரைத் திருப்பி அனுப்புவது என்று கையெழுத்திட்டு இரண்டு மாதம் நிறைவதற்குள், அவர்கள் வந்த வழி கடலிலே போய்விட்டது. இவ்விரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தைப் புயல் அறியாது. ஆயினும் இருபது ஆண்டு கற்பித்த ஒருவன் இவ்விரு திகதிகளையும் ஒருபோதும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு வெட்கத்தையே தந்தது. ஒன்று வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. மற்றையது அப்பாயியின் வாயில் இருந்தது.

1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் மக்கள் புறப்படத் தொடங்கினர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை எங்கள் பக்கத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே சொன்னார்கள். தலைமன்னாரில் ஏறிய கப்பல் இராமேசுவரத்தில் இறக்கியது. அங்கிருந்து அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் எது தெரியுமா? மண்டபம் முகாம். பாட்டன் சீலையை வேகவைத்த அதே மண்டபத்துக்குப் பேரன் கைப்பெட்டியோடு போய்ச் சேர்ந்தான். பின்னர் 1983ஆம் ஆண்டுக் கலவரத்தையும் போரையும் அடுத்துப் படகேறிப் போன அகதிகளையும் அதே மண்டபந்தான் வரவேற்றது. 2022இல் நம் நாட்டிலே பொருளாதாரம் முறிந்தபோதும், குழந்தைகளுடன் சிலர் தனுஷ்கோடி மணற்றிட்டிலே வந்து இறங்கினர். ஊர்கள் சிலவற்றுக்கு இப்படி ஒரு தலைவிதி.

அப்பாயியின் தம்பி 1973இல் அவ்வழியே போனார். அப்பாயியின் குடும்பம் இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தது. தம்பியின் குடும்பம் இந்தியாவுக்கு. யார் புத்திசாலி என்று அக்காலத்தில் எவராலும் சொல்ல முடியவில்லை. தலவாக்கலை நிலையத்தில் தம்பியை வண்டியேற்றிவிட்டு வந்த அப்பாயி, மறுநாள் வழக்கம்போலப் பெரட்டுக்குப் போனார் என்று என் தந்தையார் சொல்வார். அதன்பின் அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் காணவில்லை. கடிதம் வரும். இங்கிருந்தும் போகும். 1984இல் இராமேசுவரக் கப்பலும் நின்றுபோயிற்று. 1990இல் தலைமன்னார்ப் பாதையும் போரிலே அழிந்தது. 1991இல் தம்பி கோத்தகிரியில் காலமான செய்தி, ஈமக்கிரியைகள் யாவும் முடிந்த பின்னரே எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது. நான் அப்போது பதினொரு வயதுச் சிறுவன். அன்றைக்கு மாத்திரம் அப்பாயி தனுஷ்கோடியைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு இலங்கைக் குடியுரிமை உறுதியானது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர். அதனை ஓர் ஆண்டே அனுபவித்தார்.

வெயில் சாய்வதற்கு முன்னர் அரிச்சல்முனைக்குப் போனேன். நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். அங்கே வீதி வட்டமிட்டு முடிகின்றது. அதன்பின் மணல், அதன்பின் நீர். தலைமன்னார் தெரிகின்றதா என்று எல்லாரும் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தனர், நானும் பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் நாகபட்டினத்தில் இறங்கியது முதல் உறங்கிக்கிடந்த என் இலங்கைத் தொலைபேசி திடீரென்று சட்டைப்பையில் அதிர்ந்தது. அக்கரைக் கோபுரத்தின் அலை இக்கரைக்கு எட்டிவிட்டது. கல்லூரி மாணவன் ஒருவன், மூன்று நாட்களுக்கு முன்னர், பரீட்சைப் பெறுபேறு எப்போது வரும் என்று கேட்டு அனுப்பியிருந்த செய்தி அது. அங்கே நின்றபடியே பதில் எழுதினேன். மாலையில் பொலிசார் ஊதுகுழலை ஒலித்து எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டனர்.

இரண்டு நாட்களின் பின்னர் கோத்தகிரிக்குப் போனேன். தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்துவதற்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது பலருக்குத் தெரிந்திருக்கும். தேயிலையை விட்டுப் போனவர்கள் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். தம்பித் தாத்தாவின் மகள், எனக்குச் சின்னம்மா முறை, அங்கே இருக்கின்றார். பத்து வயதில் இலங்கையை விட்டுப் போனவர். இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். முன்பின் கண்டிராத என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டார். தேங்காய்ச் சம்பல் வைத்திருந்தார். "இது இந்த ஊரு ஆளுகளுக்குத் தெரியாது. நம்ம ஊரு சம்பலு" என்றார்.

உணவு முடிந்ததும், தனுஷ்கோடி நிலையத்தில் எடுத்த படங்களைக் காட்டினேன். கண்ணாடியை அணிந்துகொண்டு, சுவர் தனித்து நிற்கும் படம் ஒன்றை நெடுநேரம் பார்த்தார்.

"தலைமன்னாரு டேசனா இது? இப்பிடியா இடிஞ்சு போச்சு?" என்று கேட்டார்.

அவர் தனுஷ்கோடியைக் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் அறிந்த நிலையம் தலைமன்னார். தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறிய இடம் அது.

"இல்லை சின்னம்மா. தலைமன்னார் நன்றாக இருக்கிறது. 2015இல் பாதையைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். கொழும்பிலிருந்து கோச்சி போகிறது."

"அப்ப கப்பலு?"

"கப்பல் இல்லை. பழைய இறங்குதுறை துருப்பிடித்துக் கடலுக்குள் நிற்கிறது."

அவர் மீண்டும் படத்தைப் பார்த்தார். பின்னர், இன்னும் கொஞ்சம் சம்பல் போட்டுக் கட்டித் தரட்டுமா, வழியிலே சாப்பிடலாமே என்று கேட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.